எந்த எண்ணெய்? எத்தனை மைல்?

காங்கேசன்துறையிலிருந்து மாவிட்டபுரம் நோக்கி வரும் வழியிலே, ஒரு பெரிய வேப்பமரத்தின் கீழ், ஒரு கராஜ் உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தகரக் கூரை, ஒரு வாங்கு, எண்பதை எட்டிப் பிடிக்கும் வயதுடைய ஒரு முதியவர். இவையே அதன் முழுச் சொத்து. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு வழக்கு நடைபெற்றது. வாதி ஓர் இளைஞர், எதிர்வாதி அம்முதியவர், வழக்குப் பொருள் நான்கு லீற்றர் எண்ணெய். நீதிபதியாக அமரும்படி என்னை எவரும் வேண்டவில்லை. ஆயினும் வாங்கிலே இடம் கிடைத்தபடியால் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து கேட்டேன்.

இளைஞர் கொண்டுவந்த கார் நாள்தோறும் வீதியிற் காணும் கார் அன்று. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்திலே முதன்முதல் வெளிவந்த ‘ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்’ என்னும் விளையாட்டுக் கார். இருவர் மாத்திரம் அமரலாம்; கூரை துணியால் ஆனது. முன்விளக்குகள் இரண்டும் முகப்பின் மேல் துருத்தி நிற்பதால் ஆங்கிலேயர் அதனைத் தவளைக்கண்ணன் என்று செல்லமாக அழைப்பர். தாய்மாமன் கொழும்பிலே துணி போர்த்து வைத்திருந்த வண்டியை மருமகன் உரிமையாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பம். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, சொந்த வளவிலே வீடு கட்டி, இப்பொழுது காரும் வந்து சேர்ந்தது. நுவரெலியாவிலே 1934 முதல் நடைபெற்று வரும் மககஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஒரு முறையாவது இவ்வண்டியை ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் கையிலே ஒரு போத்தல் இருந்தது. கொழும்பிலே வாங்கிய செயற்கை எண்ணெய். அதன் மேல் ‘0W-20’ என்று அச்சிடப்பட்டிருந்தது. விலையைக் கேட்டதும் முதியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பந்தயக் காருக்கு ஆக விலை கூடின எண்ணெய்தானே ஐயா நல்லது? பதினையாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாத்தினால் போதும் எண்டும் எழுதியிருக்கு,” என்றார் இளைஞர்.

முதியவர் மறுமொழி கூறாமல் முகப்பைத் திறந்து காட்டினார். “இது ஆற்றை எஞ்சின் எண்டு தெரியுமோ தம்பி? மொறிஸ் மைனரின்ரை எஞ்சின். ரண்டு கார்பரேற்றர் பூட்டிச் சட்டை மாத்தி விட்டிருக்கிறாங்கள்.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அதே எஞ்சின்தான் 1956 முதல் மொறிஸ் மைனர் 1000 என்னும் குடும்பக் காரை இழுத்தது. மைனரில் அதன் வலு 37 குதிரை. ஸ்பிறைற்றில் ஏறக்குறைய 43 குதிரை. யாழ்ப்பாணத்திலே ஆசிரியர்களையும், அப்புக்காத்துமாரையும், கலியாணப் பெண்களையும் ஏற்றி இறக்கிய அந்தச் சாதுவான வண்டியும் இந்தத் தவளைக்கண்ணனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே எண்ணெய் பற்றிய கேள்விக்கும், காரின் உருவத்தைப் பார்த்தல்ல, உள்ளே இருக்கும் இரும்பைப் பார்த்தே விடை கூறவேண்டும்.

தேங்காய் எண்ணெயும் மார்கழிப் பனியும்

எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. அந்த மயிரிழை வெளியில் எண்ணெய்ப் படலம் நிற்கும் வரையில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை; தண்டு எண்ணெயின் மேல் மிதக்கிறது. இதுவன்றி, தீ எரியும் அறையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதும், கரியையும் பொடியையும் சுமப்பதும், கறல் பிடியாமற் காப்பதும் அந்த எண்ணெயின் தலையிலே விழுந்த வேலைகள். கடற்காற்று வீசும் எங்கள் துறையிலே இந்தக் கடைசி வேலை இலேசானதன்று.

எண்ணெய் மிகத் தடித்ததாயின், எஞ்சின் தொடங்கும் வேளையில் மெல்ல ஊர்ந்து, மேலே உள்ள உறுப்புகளை நேரத்துக்குச் சென்றடையாது. மிக மெல்லியதாயின், சூடேறிய பின் படலம் அறுந்துவிடும். மார்கழி மாதத்து விடியற்காலையில் போத்தலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் அதுவே தண்ணீர் போல ஓடுகிறது அன்றோ? மோட்டார் எண்ணெய்க்கும் இதே இயல்பு உண்டு. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களை அவற்றின் பாகுத்தன்மையைக் கொண்டு எண்ணிட்டு வகுக்கத் தொடங்கியது. போத்தலில் நாம் காணும் எண்கள் அந்த மரபில் வந்தவை. ‘W’ என்னும் எழுத்து எடையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது ஆங்கிலத்திலே குளிர்காலம் என்னும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடான நிலையில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும்.

ஒரே எண்ணெய்க்கு இரண்டு குணம் எப்படி வந்தது? நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைச் சிறிதளவு கலக்கின்றனர். குளிர்ந்த வேளையில் இவை பனிக்கு ஒதுங்கிய பூனை போலச் சுருண்டு கிடக்கும். எண்ணெயின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. சூடு ஏற ஏற உடலை நீட்டி நிமிர்ந்து, எண்ணெய் மிகைபட மெலியாமல் தடுக்கும்.

இனி, ‘0W’ என்பது நீர் உறைந்து கல்லாகும் நாடுகளிலே, பனி மூடிய காரை விடியற்காலையில் இயக்குபவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். காங்கேசன்துறையில் எத்துணைப் பனி பெய்தாலும் தேங்காய் எண்ணெய் உறைவதோடு சரி. பின்னுள்ள 20 என்னும் எண்ணோ, பழைய எஞ்சினின் அகன்ற இடைவெளிகளுக்குப் போதாது. “சீமையிலை பனி கொட்டுற இடத்துக்குக் காய்ச்சின எண்ணெயைக் கீரிமலை வெயிலுக்குக் கொண்டு வந்திருக்கிறாய் தம்பி,” என்றார் முதியவர். அவருடைய தீர்ப்பு 20W-50. அதுவும் சாதாரணக் கனிய எண்ணெய். விலையோ இளைஞர் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு.

நான் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கூறாமல் விட்டால் பிழையாகும். முதியவருடைய வாக்கை வேதவாக்காகக் கொண்டு, புதிய காருக்கும் தடித்த எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். 2020இல் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இன்று வந்திறங்கும் கார்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை; வால்வுகள் திறக்கும் நேரத்தை எண்ணெயின் அழுத்தத்தாலேயே மாற்றும் பொறிகள் அவற்றில் உள்ளன. டொயோற்றா 86 என்னும் விளையாட்டுக் காரை முதலிற் செய்தவர்கள் அதற்கு 0W-20 எண்ணெயையே விதித்தார்கள். அங்கே கைந்நூல் சொல்வதே சட்டம். இளைஞர் வாங்கிய போத்தல் கெட்ட எண்ணெயன்று. வீடு மாறிப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

நாகம் என்னும் காவலன்

வழக்கின் இரண்டாம் கட்டம் சற்று நுட்பமானது. பழைய எஞ்சின்களிலே வால்வைத் தூக்கும் தட்டையான உறுப்பு, முட்டை வடிவச் சில்லின் மேல் வழுக்கிக்கொண்டே செல்லும். புதியவற்றிலே பெரும்பாலும் உருளை உண்டு. வழுக்கும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். எண்ணெய்ப் படலம் சில கணங்கள் தோற்றுவிடும். அந்தக் கணங்களில் இரும்பைக் காப்பது எண்ணெயோடு கலந்துள்ள, நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு மருந்து. அது இரும்பின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைத் தேயாமற் காக்கிறது.

ஆனால் இதே பொசுபரசு, புதிய கார்களின் புகைக்குழாயிலே நச்சுப் புகையைத் தூய்மையாக்கும் ஊக்கிக்குப் பகை. ஆகையால் 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ‘எஸ்.எம்.’ தரம் வந்தபோது, மெல்லிய எண்ணெய்களில் பொசுபரசு நூற்றுக்கு 0.08 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தனர். தடித்த 20W-50 அந்த வரம்புக்குள் அகப்படவில்லை. நாகமும் பொசுபரசும் வேண்டிய அளவு உள்ளனவா என்பதைப் போத்தலின் எண்ணிலிருந்து மாத்திரம் அறிய முடியாது. எண்ணெய் செய்தவர் வெளியிடும் விவரத்தாளைக் கேட்டுப் பார்த்தல் நன்று. முதியவர் இரசாயனம் படித்தவரல்லர். “மெல்லிசு எண்ணெய் விட்ட பழைய எஞ்சின் இரண்டு வருஷத்திலை தட்டத் துவங்கும்,” என்பது அவருடைய இரசாயனம்.

எண்ணெயின் பழங்கதை ஒன்றும் மாணவர்களுக்காகச் சொல்லலாம். முதலாம் உலக யுத்தத்து விமானங்களிலே, சிலிண்டர்களே சுழலும் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அது பெற்றோலில் எளிதிற் கரையாது. கடும் சூட்டிலும் படலம் அறாது. ‘காஸ்ற்றோல்’ என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் பிறந்ததாகும். வெளியே தெறிக்கும் எண்ணெயின் ஆவியைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கிற்று என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நம் பாட்டிமார் மாதத்துக்கொரு முறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய மருந்தல்லவா? கலங்காமல் என்ன செய்யும்! ஆனால் ஆமணக்கெண்ணெய் நாளடைவில் பிசின் போல ஒட்டும். கனிய எண்ணெயுடன் கலவாது. பந்தயம் முடிந்தவுடன் எஞ்சினைக் கழற்றித் துடைப்பவர்களுக்கே அது ஏற்றது.

மண்ணெண்ணெய் குடித்த காலம்

எத்தனை மைலுக்கு ஒரு முறை மாற்றுவது? அக்காலத்துக் கைந்நூல்கள் 3,000 மைல் என்று விதித்தன. இக்காலத்துச் செயற்கை எண்ணெய்களுக்குப் பத்தாயிரம், பதினையாயிரம் கிலோமீற்றர் என்கின்றனர். இளைஞர் பின்னதைப் பிடித்துக்கொண்டார். முதியவர் இரண்டையும் ஏற்கவில்லை.

“மைலைப் பாக்காதை தம்பி, எண்ணெய்க்குள்ளை என்ன விழுகுது எண்டு பார்,” என்று தொடங்கி, அவர் தம் வாழ்க்கையிலே மறக்க முடியாத ஆண்டுகளை எடுத்துச் சொன்னார்.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் பொன்னிலும் அரிதாயிற்று. அப்பொழுது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நாற்றமும் ஊரை நிறைக்கும். ஆயினும் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேருவார். இது எங்கள் ஊர் மூளையின் சாதனைதான். ஆனால் அறிவியலுக்குப் புதியதன்று. 1949இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகை ஒன்று இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறி இயங்கும்படியே அமைக்கப்பட்டிருந்தது.

எல்லாக் காரும் இதற்கு இசையவில்லை. மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஒஸ்ரின் சோமர்செற் போன்ற பழைய குடும்பக் கார்களின் அமுக்க விகிதம் ஏழு மடங்கை ஒட்டியது. ஆகவே அவை சகித்துக்கொண்டன. ஸ்பிறைற்றின் விகிதம் எட்டுக்கு மேல். “இந்தத் தவளை அப்ப இஞ்சை இருந்திருந்தால் மண்ணெண்ணெயிலை செத்திருக்கும். கொழும்பிலை இருந்தது அதின்ரை அதிட்டம்,” என்று முதியவர் முகப்பைத் தட்டினார்.

உயிர் பிழைத்த கார்களையும் வேறொரு நோய் பற்றியது. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகி எரிவதில்லை. எஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து கீழேயுள்ள எண்ணெயோடு கலக்கும். நாட்செல்ல, அளவுக்கோலைப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! விவரமறியாதவர் மகிழ்வர், அறிந்தவர் நடுங்குவர். தடித்த எண்ணெய் தண்ணீர் போலாகி, படலம் அறுந்து, தண்டைத் தாங்கும் கிண்ணங்கள் உருகிப்போகும். புதிய எண்ணெயும் கிடைக்காத காலம். அயலிலிருந்த ஒருவர் அவ்வாறே அளவு கூடிய எண்ணெயுடன் ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். பெண்ணைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி மிகுதி வழியைக் கடந்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். கார் பின்னர் ஓடவேயில்லை. அன்று முதல் எண்ணெய்க்கோலை இழுத்தால் முகர்ந்து பாராமல் திரும்பச் செருகுவதில்லை என்றார் முதியவர்.

பெற்றோலுக்கும் இது பொருந்தும். சிறு தூர ஓட்டமே எண்ணெய்க்கு எமன். காங்கேசன்துறையிலிருந்து கீரிமலைக் கேணிக்கு ஓடி நிறுத்தினால் எண்ணெய் நன்றாகச் சூடாவதே இல்லை. எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் உள்ளேயே தங்கி, அமிலமாகிக் கிண்ணங்களை அரிக்கும். யாழ்ப்பாணப் பட்டணம் வரை 11 மைல் ஓடினால் அவை ஆவியாக வெளியேறும். இளைஞரின் கணக்கைப் பாருங்கள்: ஞாயிறுதோறும் பட்டணம் போய் வந்தால் 22 மைல், ஆண்டுக்கு 1,144 மைல். 3,000 மைலுக்குக் காத்திருந்தால் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஒரே எண்ணெய் நிற்கும். பதினையாயிரம் கிலோமீற்றருக்கு எட்டு ஆண்டு! ஆகவே இத்தகைய காருக்கு நாட்காட்டியே மைற்கல். 2022ஆம் ஆண்டு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்ட நாட்களில் மாதக்கணக்காக நின்ற கார்கள் பல. அவற்றின் சொந்தக்காரர்கள், ஓடாத காருக்கு எண்ணெய் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அது தவறு.

முதியவர் விதித்த முறை இது: ஆண்டுக்கு ஒரு முறை, வடிகட்டியுடன் சேர்த்து, புரட்டாதியில் மாற்றுக. ஏன் புரட்டாதி? ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிக்கூரைக் கார் கொட்டிலுக்குள் நிற்கும். பழைய எண்ணெயின் அமிலத்தோடு நிற்பதைவிடப் புதிய எண்ணெயோடு நிற்பது எஞ்சினுக்கு நல்லது. நம்மவர்களோ மழை முடிந்து தையிலே காரை எடுக்கும்போது மாற்றுகிறார்கள். மலையேற்றப் பந்தயத்துக்குப் போனால் போய் வந்ததும் ஒரு முறை, மைல் பாராமல்.

கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய் என்பது பலருடைய எண்ணம். கரியைப் படியவிடாமல் சுமக்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். அது வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். மாணவர்கள் வீட்டிலே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. சூடான எஞ்சினிலிருந்து ஒரு துளியை மை ஒற்றும் தாளிலே விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். கருமை நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்ல மங்கிப் பரவினால் எண்ணெய்க்கு இன்னும் உயிர் உண்டு. நடுவிலே கரும்பொட்டாக இறுகி, அதைச் சுற்றி வெளிறிய வளையம் நின்றால், சுமக்கும் வலு போய்விட்டது. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமாயின் தண்ணீர் புகுந்துள்ளது. வண்டியை எடுக்கவே கூடாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலே ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளை ஓடு கட்டுவதை எந்தக் குடும்பப் பெண்ணும் அறிவாள். அதே ஓடு எஞ்சினின் நீர்வழிகளிலும் கட்டும், சூடு தணியாது, எத்துணை உயர்ந்த எண்ணெயும் மெலியும். 1950ஆம் ஆண்டளவில் இங்கே சீமெந்துத் தொழிற்சாலையை வரவழைத்த அந்தச் சுண்ணாம்புக்கல்லேதான் எஞ்சினுக்குள்ளும் சீமெந்து பூசுகிறது. வடித்த நீரோ மழைநீரோ, உரிய குளிர்த்தித் திரவம் கலந்து விடுதல் வேண்டும்.

வழக்கு முடிந்தது. இளைஞர் போத்தலை மடியிலே வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “அப்ப இதை என்ன செய்யிறது ஐயா?” என்றார். அக்காளின் புதிய காருக்கு அதே எண்ணெய்தான் விதித்திருப்பதாகத் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

பழைய எண்ணெயை இறக்கும் வேளை வந்தது. எஞ்சினைப் பத்து நிமிடம் இயக்கிச் சூடாக்கியிருந்தார்கள். சூடான எண்ணெயே அழுக்கோடு முழுவதும் இறங்கும். இளைஞர் வண்டியைப் பின்னே தள்ளி, கிணற்றடிப் பக்கத்து நிழலில் நிறுத்தப் பார்த்தார். அதுவரை வேடிக்கையாகப் பேசிய முதியவரின் குரல் மாறிற்று.

“அங்கை வேண்டாம். இஞ்சாலை கொண்டு வா.”

குடாநாட்டிலே ஆறு கிடையாது. மழை விழுந்து, கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடியில் நிற்கும் நீரே எங்களுக்கு எல்லாம். அந்த வெடிப்புகள் எண்ணெய்க்கும் வழி விடும். சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்து, தம் வளவுத் தண்ணீரையே குடிக்க முடியாமல் மக்கள் வண்டியில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதும், அவ்விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் நட்டஈடு விதிக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்ததே. ஒரு காரின் எண்ணெய் நாலு லீற்றர்தானே என்போம். கறையானுக்கு வேலிக் கட்டையில் பூசுவோம், புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்போம். எத்தனை கார், எத்தனை உழவு இயந்திரம், எத்தனை வள்ளத்து எஞ்சின் என்று எண்ணிப் பார்த்தவர் சிலர். எண்ணெயை அடிக்கடி மாற்றுவது எஞ்சினுக்குச் செய்யும் தருமம் என்று பலர் கூறுகின்றனர். தேவைக்கு மேல் மாற்றும் ஒவ்வொரு முறையும் நாலு லீற்றர் நஞ்சு கூடுகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முதியவர் சீமெந்துத் தரையில் ஒரு பழைய தாச்சியை வைத்து, அடியாணியைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் நூலாக இறங்கிற்று. கடைசித் துளி விழும் வரையில் இருவரும் குந்திக்கொண்டு பார்த்திருந்தனர். பின்னர் அதனைப் புனல் வைத்து ஒரு மூடியுள்ள கானில் ஊற்றி, மாதத்துக்கொரு முறை பட்டணத்திலிருந்து வந்து எடுத்துச் செல்பவருக்காக மூலையிலே வைத்தார். புதிய எண்ணெய் விட்டு, எஞ்சினை இயக்கியபோது அழுத்தமானியின் முள் எழுந்து 60 இறாத்தலைத் தொட்டு நின்றது. இரண்டு கார்பரேற்றர்களின் தலைமூடிகளையும் திருகி, தனியே எடுத்து வைத்திருந்த மெல்லிய எண்ணெயில் சில துளி விட்டார். அவற்றுக்கும் குடிக்க வேண்டுமாம்.

சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்துத் தகரச் சுவரிலே திகதியையும் மைலையும் எழுதினார். அச்சுவர் முழுவதும் அத்தகைய எழுத்துக்கள். சில கார்களின் பெயருக்கு நேரே 1990க்குப் பின் ஒன்றும் எழுதப்படவில்லை.